சொஹாரின் கிணறும் என் நாக்கும்

1

சொஹாரில் யாரிடம் வழி கேட்டாலும் இல்லாத ரவுண்டானாவைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். அந்த ரவுண்டானா தாண்டி இடது பக்கம் திரும்பு என்பார்கள். போய்ப் பார்த்தால் அங்கே மேம்பாலம் நிற்கும். ரவுண்டானாவை இடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன, ஊர்க்காரர்கள் வாயில் மட்டும் அது இடியாமல் இருக்கிறது. இப்போது நானும் அப்படித்தான் வழி சொல்கிறேன். இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பதினெட்டு வருடம்.

ஊரில் இருப்பவர்களுக்கு மஸ்கட் தெரியும், துபாய் தெரியும். சொஹார் என்றால் அது எங்கே என்று கேட்பார்கள். மஸ்கட்டிலிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே இரண்டு, இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் தட்டையாக ஒரு ஊர். அந்த மலையில் செம்பு உருக்கி இங்கிருந்து கப்பலேற்றினார்களாம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சீனாவுக்கும் நம் பக்கத்துக்கும் இங்கிருந்து கப்பல் போயிருக்கிறது. உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்கிய துறைமுகம் என்று கோட்டைக்குள் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு வியாபாரம் வேறு துறைமுகங்களுக்குப் போய், மீனும் பேரீச்சையும் எலுமிச்சையுமாக ஊர் சுருங்கிவிட்டது. இப்போது திரும்பவும் பெரிய துறைமுகம் வெட்டி, இரும்பு ஆலை, அலுமினிய ஆலை என்று வரிசையாகக் கட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் குமரேசன் அங்கேதான் கிரேன் ஓட்டுகிறார்.

பழைய நகரம் எங்கே என்று ஒரு தடவை அவர் ஒரு மீனவரிடம் கேட்டிருக்கிறார். மீனவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினாராம். உண்மைதான். எந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் பானை ஓடும் சிப்பியும் கருகிய செங்கல்லும் வருகின்றன. மேலே வெள்ளைக் கோட்டை, புது மீன் மார்க்கெட், கடலோரம் நடக்கிறவர்களுக்குக் கல் பதித்த பாதை. எனக்கு இந்த ஊரை அதிகமாகக் கீழிருந்துதான் தெரியும். நான் மண், தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் லேப் ஒன்றில் வேலை செய்கிறேன். சொஹாரின் அடியில் ஓடுகிற தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பார்த்து எனக்கு இத்தனை வருடம் போயிருக்கிறது.

2

என் பெயர் மாதம்மாள், அப்பா பெயர் சின்னசாமி. முதல் தடவை அடையாள அட்டைக்குப் படிவம் அடித்துக் கொடுத்த கடைக்காரர், ஆங்கிலத்தில் என் பெயரைப் பார்த்து, மரியாதைக்குப் போட்ட 'மேடம்' என்று நினைத்து அதை எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது சின்னசாமி. அட்டை வந்த பிறகு கவனித்தேன். திருத்த வேண்டுமென்றால் தூதரகத்தில் ஒரு கடிதம், அதற்கு அரபு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, அந்த முத்திரை சரி என்று இன்னொரு முத்திரை. இரண்டு நாள் அலைந்துவிட்டு, அப்பா பெயரிலேயே வாழ்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். லேபில் எனக்கு 'சின்னசாமி மேடம்' என்றுதான் பெயர். என் மகள் நிலாவின் பள்ளிப் படிவங்களில் தாயார் பெயர் என்ற இடத்தில் காலமான என் அப்பா இருக்கிறார். அவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நிலா இங்கேயே பிறந்தவள். பதினேழு வயது. வீட்டில் தமிழ், தோழிகளோடு மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். தெருவில் அவள் பேசும் அரபு, இந்த ஊர்ப் பெண்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருக்கும். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். தர்மபுரி அவளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போய் வெயிலில் காய்ந்துவிட்டு வரும் இடம். போனால் கேன் தண்ணீர் வாங்கித்தான் குடிப்பாள். அதற்காக என் அண்ணன் வீட்டில் அவளை மகாராணி என்று கிண்டல் செய்வார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவளை அப்படிக் குடிக்கச் சொன்னதே நான்தான்.

3

எங்கள் ஊர் பென்னாகரம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆள் என்று கண்டுபிடிக்கப் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், சிரித்தால் போதும். நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தைக்கு ஈறுக்குள் பல் உருவாகும்போதே அது போய் உட்கார்ந்துகொள்கிறது. முளைக்கிற பல்லே பழுப்புக் கோடும் திட்டுமாகத்தான் முளைக்கும். சாம்பல் வைத்துத் தேய்த்தாலும் பேஸ்ட் வைத்துத் தேய்த்தாலும் போகாது. சேலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு புகையிலை போடுமா என்று என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்கு வந்த மரியாதை அது. பிறகு அரூர்ப் பக்கத்திலிருந்து குமரேசன் வந்தார். அவர் வாய் விட்டுச் சிரித்தார், அவர் பல்லும் என் பல் போலவே இருந்தது. பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

இங்கே வந்த புதிதில் நானும் குமரேசனும் ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது, கண்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க தர்மபுரிங்களா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். பதில் சொல்லாமல் தன் பல்லைக் காட்டினார். தொப்பூர்க்காரர். மூன்று பேரும் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஆனால் தெரியாதவர்கள் முன்னால் நான் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். போட்டோ என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வேன். நிலா எட்டாவது படிக்கும்போது பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தது. கிளம்பும்போது, "மிஸ் ஜோக் சொல்லுவாங்க, நீ சிரிக்காத, சரியா?" என்றாள். அவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்கு வலித்தது. அன்று கூட்டம் முழுவதும் தேர்தல் அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் தமிழர்கள் கூடுகிற இடத்தில் யாராவது, நம்மூர்த் தண்ணி ருசி எங்கேயும் வராது என்று பெருமூச்சு விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ருசியாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வந்த முதல் வருடம் இங்கே கடல்நீரைச் சுத்தம் செய்து தருகிற தண்ணீர் எனக்கு இறங்கவே இல்லை. ஒரு கனமும் இல்லாமல், காற்றை விழுங்குகிற மாதிரி இருந்தது. யாருக்கும் தெரியாமல் டம்ளரில் ஒரு கல் உப்பு போட்டுக் குடித்திருக்கிறேன். படிப்பு ஒன்று சொன்னது, நாக்கு வேறொன்று கேட்டது.

4

சொஹாரில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடையில் நீளமாக ஒரு தோட்டப் பட்டை உண்டு. பேரீச்சை, எலுமிச்சை, கொஞ்சம் மாமரம். வீட்டுக்கு வீடு கிணறு. மோட்டார் போட்டு இறைக்க இறைக்க, கடல் நிலத்துக்கு அடியில் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கடலை ஒட்டிய பேரீச்சைகள் முதலில் தலை காய்கின்றன. இந்தப் பட்டைக்கும் இப்போது குழாய்த் தண்ணீர் வரப்போகிறது. அதற்கு முன்னால் எல்லாக் கிணற்றையும் பரிசோதித்து, குடிக்க ஆகாததற்கு அடையாளம் வைக்கும் வேலை எங்கள் லேபுக்கு வந்தது.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை சுவைனா வீட்டுக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அரபு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. அவருடைய தாத்தா வெட்டிய கிணறு, அவர் அப்பா வைத்த எலுமிச்சை. உள்ளே தொட்டில் ஆடியது. மகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள், நாற்பது நாள் முடிந்தும் இன்னும் புருஷன் வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த விஷயத்தில் சொஹாருக்கும் தர்மபுரிக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

கஹ்வா குடிக்காமல் கிணற்றுப் பக்கம் விட மாட்டேன் என்றார் சுவைனா. ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி, சின்னக் கிண்ணத்தில். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு நிழலில் தொங்கிய மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் கிணற்றுத் தண்ணீர். லேபில் எங்களுக்கு முதல் விதி, எதையும் வாயில் வைக்கக் கூடாது. இது சாம்பிள் இல்லையே, விருந்தாளிக்குக் கொடுத்ததுதானே என்று குடித்தேன்.

என்ன சொல்வது. நாக்கில் பட்டதும் உடம்பெல்லாம் ஒரு நிறைவு. கனமான தண்ணீர். தொண்டையில் இறங்குவது தெரிகிற தண்ணீர். பதினெட்டு வருடம் கழித்து எங்கள் ஊர்ப் போர் தண்ணீரை யாரோ கையில் கொடுத்த மாதிரி இருந்தது. எப்படி இருக்கிறது என்று சுவைனா கேட்டார். மெதுவாக, கையாட்டிச் சொன்னால் கொஞ்சம் புரியும், எனக்குப் பேசத் தெரிந்த அரபு கைவிரலுக்குள் அடங்கும். "ஜைன். ஹிலு" என்றேன். நல்ல தண்ணீர், இனிப்புத் தண்ணீர். நீ லேப்காரிதானே, சத்தியமாகவா என்று திரும்பக் கேட்டார். சத்தியமாக என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார், நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கிணற்றில் சாம்பிள் பிடித்துக்கொண்டு நான் கிளம்பும்போது, ரிசல்ட் கேட்க என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

5

புதன்கிழமை அவர் கிணற்றுத் தண்ணீரை மெஷினில் வைத்தேன். உப்பு கூடுதலாக இருந்தது. அதை என் நாக்கு கண்டுபிடித்திருக்க வேண்டும், கண்டுபிடிக்கவில்லை. அடுத்து நைட்ரேட். முதலில் வந்த மிதமிஞ்சிய அளவைப் பார்த்து நான் தப்பாகக் கலக்கிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பச் செய்தேன், மூன்றாவது தடவையும் செய்தேன். அதேதான்.

நைட்ரேட் என்பது தோட்டத்தில் போடும் உரத்திலிருந்தும் கழிவுக் குழிகளிலிருந்தும் கிணற்றுக்குள் இறங்குவது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. பெரியவர்கள் உடம்பு ஓரளவு தாங்கும். பச்சைக் குழந்தைக்கு ஆகாது. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்தால், குழந்தையின் ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நின்று இன்னும் கெட்டியாகும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது போனில் சுவைனாவின் குரல் பதிவு வந்திருந்தது. நிலாவிடம் கொடுத்து என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவள் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "உனக்கு தேங்க்ஸ் சொல்றாங்கம்மா" என்றாள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள் என்று இதுவரை பேத்திக்குக் கடைத் தண்ணீர் பாட்டில் வாங்கிப் பால் கலக்கிக்கொண்டிருந்தார்களாம். லேப்காரப் பெண்மணியே குடித்துவிட்டு நல்ல தண்ணீர் என்று சொன்ன பிறகு மனம் நிம்மதியாகிவிட்டதாம். இப்போது குழந்தைக்கும் நம் கிணற்றுத் தண்ணீர்தான், நன்றாகக் காய்ச்சிக் கொடுக்கிறோம், கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும்.

நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஒரு குழந்தையின் பால் மாறிவிட்டது.

6

ரிப்போர்ட்டில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் விடுப்பில் இருந்தார், ஞாயிறுதான் வருவார். கையெழுத்தான பிறகு அது பணியைக் கொடுத்த அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து கடிதம் கிளம்பும், அதற்குப் பிறகு கிணற்றுக்கு அடையாளம். ரிசல்ட்டை நாங்கள் நேராக வீட்டுக்காரர்களிடம் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. மேனேஜருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார், ஞாயிறு காலை முதல் வேலையாகப் பார்க்கலாம் என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு அது ஒரு சாம்பிள் எண்.

குமரேசன் எப்போதும் பதறாதவர். அவர் சொன்னதும் தப்பில்லை. என் விசா லேபில் இருக்கிறது, நிலா பன்னிரண்டாவது படிக்கிறாள், நடு வருடத்தில் வேலைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது. "ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுத்தா என்னா?" என்றார். நான்கு நாள். அந்த நான்கு நாளில் அந்தக் குழந்தை எத்தனை பாட்டில் குடிக்கும் என்று நான் கேட்டேன்.

எனக்கு எங்கள் ஊர் அடிபம்பு ஞாபகம் வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஜீப்பில் சிலர் வந்து, ஊர் நடுவில் இருந்த அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறு யாரோ வந்து அந்தப் பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சிவப்பு என்றால் ஆபத்து என்பது ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சிவப்பு என்றால் கோயில் சுவர், குங்குமம், கல்யாணப் புடவை. கவர்ன்மெண்டே புதுசாக்கிக் கொடுத்திருக்கிறது என்று ஊரே சந்தோஷப்பட்டது. ஆடி மாதம் அதற்கு மஞ்சள் பூசிப் பூ வைத்தார்கள். ஊர்க் கோடியில் பெயிண்ட் உரிந்த இன்னொரு பம்பு இருந்தது. அதில் பிடித்துக்கொண்டிருந்த என் அம்மாவும் அதை விட்டுவிட்டுச் சிவப்புப் பம்புக்கு மாறினாள். எனக்கு அப்போது பால் பல் விழக்கூட ஆரம்பிக்காத வயது, அடுத்த பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்தது. கல்லூரியில் ஃப்ளோரைடு பாடம் எடுத்தபோதுதான், அந்தப் பெயிண்ட் எதற்கு அடித்தது என்று எனக்குப் புரிந்தது. வகுப்பிலேயே அழுகை வந்துவிட்டது.

இப்போது ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாய் போட்டு எங்கள் ஊருக்கே வருகிறது. அண்ணன் வீட்டு வாசலில் குழாய் இருக்கிறது. போனில் பேசும்போதெல்லாம் அதைக் குடிக்கிறாயா என்று கேட்பேன். "சப்புன்னு இருக்குது பாப்பா. எவ்ளோ குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது. மாட்டுக்கு ஊத்தறோம். எங்க வூட்ல எல்லாருக்கும் போர் தண்ணிதான்" என்பார். நான் லெக்சர் அடிப்பேன். அவர் சரி சரி என்று வைத்துவிடுவார். இத்தனை நாளும் அவரை மடையன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சுவைனா வீட்டில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தபோது நான் அண்ணனைவிட ஒரு இம்மி உயர்வாக நடந்துகொள்ளவில்லை. எங்கள் இருவர் நாக்கும் ஒரே பம்பில் பழகியது.

ஒருவரும் வந்து சொல்லாமல் இந்தக் கிணற்றுக்கும் பெயிண்ட் வந்து சேருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரவே நிலாவை விட்டுப் போன் செய்ய வைத்தேன், சுவைனா எடுக்கவில்லை, அதனால் வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரில் போவது என்று முடிவு செய்தேன். என் அரபை வைத்துக்கொண்டு நைட்ரேட்டை விளக்க முடியாது என்பதால் நிலாவையும் கிளப்பினேன். பரீட்சை இருக்கிறது என்று முனகிக்கொண்டே வந்தாள்.

7

வேலைக்கு என்ன ஆனது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஞாயிறன்று நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். முதலில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார், அதன் பிறகு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். கடிதம் 'திரு. சின்னசாமி அவர்களுக்கு' என்று வந்தது. அப்பா வாழ்நாளில் யாரிடமும் திட்டு வாங்காதவர், பாவம். சுவைனாவின் பேத்தியை வெள்ளிக்கிழமையே ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், குழந்தைக்கு ஒன்றும் இல்லை. கிணற்றையும் யாரும் மூடவில்லை. எலுமிச்சைக்கு இன்னும் அந்தத் தண்ணீர்தான் பாய்கிறது.

ஆனால் வியாழக்கிழமை இதெல்லாம் தெரியாது. வெயில் தாழ்ந்த நேரம். சுவைனா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பாய் விரித்தார். கஹ்வா வந்தது. நான் கிண்ணத்தை வாங்கவில்லை. இந்த ஊரில் கஹ்வாவை மறுப்பது லேசான காரியம் இல்லை. அவர் கை அப்படியே நின்றது. தண்ணீர் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று நிலாவைச் சொல்லச் சொன்னேன்.

அவள் சொன்னாள். காரில் வரும்போது நான் சொல்லிக் கொடுத்ததை வரிசையாக, நன்றாகவே சொன்னாள் என்று நினைக்கிறேன். சுவைனாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. காய்ச்சித்தானே கொடுக்கிறோம் என்றார். காய்ச்சினால் இன்னும் மோசம் என்று சொல்ல வைத்தேன். மூன்று தலைமுறை இதைத்தான் குடித்தது, யாருக்கு என்ன ஆயிற்று என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்துத் தணிந்த குரலில் ஒன்று கேட்டார். நிலா சொல்லத் தயங்கினாள். நான் வற்புறுத்தியதும் சொன்னாள்.

"திங்கக்கிழம குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொன்ன. இப்ப வேற சொல்ற. உன்ன யாரு அனுப்பினதுன்னு கேக்கறாங்கம்மா. கெணறு கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டா தோட்டத்த ரோட்டுக்கு எடுத்துக்குவாங்கன்னு பயப்படறாங்க."

பயப்படுவது நியாயம்தான். துறைமுகம் வந்தபோது கடலோரத்தில் ஊர்கள் இடம் மாறியதை அவர் கண்ணால் பார்த்தவர். பையிலிருந்த ரிசல்ட் தாளைக் காட்டலாம், ஆனால் அதில் கையெழுத்து இல்லை, இருந்தாலும் தாளை அவர் ஏன் நம்ப வேண்டும். அவர் நம்பியது என் வாய்ச்சொல்லை. அதைத்தான் நான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

"நிலா, நான் பொய் சொல்லல, ஏமாந்துட்டேன்னு சொல்லு. எங்கூருத் தண்ணியும் இதே மாதிரிதான் ருசியா இருந்துச்சு. அதக் குடிச்சு வளந்த நாக்கு இது, இத நம்பாதீங்கன்னு சொல்லு. அந்தத் தண்ணி என் பல்ல என்ன பண்ணுச்சுன்னு சொல்லு."

நிலா தலையைக் குனிந்துகொண்டாள். "பல்லப் பத்தி வேணாம்மா" என்றாள் மெதுவாக.

அவளை மேலும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, சுவைனாவுக்கு எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறந்தேன். மேல் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். பல் மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும் என் வாழ்க்கையில் நான் அப்படிக் காட்டியதில்லை. வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. சுவைனா முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு என் தாடையைப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் விரலில் ஏலக்காய் வாசனை அடித்தது.

அப்போது நிலா பேச ஆரம்பித்தாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலை குனிந்தபடி தொடங்கி, பிறகு நிமிர்ந்து, நிறுத்தாமல் பேசினாள். எனக்குத் தண்ணீர், சின்னக் குழந்தை, சிவப்பு என்ற வார்த்தைகள் மட்டும் புரிந்தன. அடிபம்புக் கதையை அவளிடம் எப்போதோ ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன், போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அது அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

சுவைனா என் தாடையை விட்டார். உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் பால் பாட்டிலோடு வந்தாள், பாதிக்கு மேல் பால் இருந்தது. சுவைனா அதை வாங்கி மூடியைத் திருகி எடுத்து, சுவரோரம் மண்ணில் ஊற்றினார். உள்ளே போய்க் காய்ச்சி வைத்திருந்த பிளாஸ்க்கையும் எடுத்து வந்து ஊற்றினார். மண் அதை உடனே குடித்துவிட்டது. நாலு பேரும் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் திரும்பி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிலா எனக்குச் சொல்லாமல் அவளே பதில் சொன்னாள். சுவைனா தலையை ஆட்டிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"அன்னிக்கு உங்கம்மாகிட்ட இந்த மாதிரி யாரும் வந்து சொல்லலியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் வரலன்னு சொன்னேன். அதனாலதான் நாங்க வந்திருக்கோம்னு சொன்னேன்."